தலைநகரில் நம் வாக்கு

குப்பத்தை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் புறப்பட்ட நம் குடும்பங்களிற் பல இன்று சென்னை மாநகரில் வாழ்கின்றன. அந்நகரம் நமக்கு அயலூர் அன்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும் வரை குப்பத்துக்கும் சென்னையே தலைநகரம். அப்போது சென்னை யாருக்கு என்ற வழக்கு மூண்டது. திரு. செங்கல்வராயன் மேயராக வீற்றிருந்த மாநகராட்சி மன்றம், அது தமிழருக்கே என்று தீர்மானம் நிறைவேற்றியது. தலைநகரம் தமிழகத்தில் நின்றது. சித்தூர் மாவட்டத்தோடு நம் குப்பம் ஆந்திரம் சென்றது. 1960 இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி மீண்டது, குப்பம் மீளவில்லை.

ஒரு நகரின் மேயர் பதவி வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு அந்தத் தீர்மானமே சான்று. சென்னை மாநகராட்சி 1688 இல் தோன்றியது. 1933 இல் குமாரராசா முத்தையா செட்டியார் மேயரானார். 1956 இல் தாரா செரியன் அம்மையார் முதல் பெண் மேயரானார். 1959 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் அ. பொ. அரசு அப்பதவியை ஏற்றார். எட்டே ஆண்டுகளில் அக்கட்சி மாநில ஆட்சியையும் பிடித்தது.

ஆயினும் 1973 இல் மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், மேயரே இல்லாது அதிகாரிகளே நகரை நடத்தினர். மீண்டும் 2016 முதல் 2022 வரை அதே நிலை. தெருக் குழாயில் நீர் வாராவிடில் வட்ட உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை அவ்வாண்டுகளில் மக்களுக்கு இல்லை.

1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களே நேராக மேயரைத் தேர்ந்தெடுத்தனர். 2006 இலும் 2022 இலும் வட்ட உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர். 2022 பிப்ரவரி 19 ஆம் நாள் 200 வட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. மார்ச்சு 4 ஆம் நாள், இருபத்தெட்டு வயதுப் பெண்மணியான பிரியா மேயரானார். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஒருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. மகிழத்தக்க செய்தி! ஆனால் அத்தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர் நூற்றுக்கு 44 பேருக்கும் குறைவு. மாநில அளவிலோ 60 பேருக்கு மேல்.

வாக்களியாதார் கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2021 நவம்பரில், குப்பம் நகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது. அதற்கென நம்மவர் சிலர் சோலார்பேட்டை வழியாக இரயிலேறி ஊர் சென்று வாக்களித்து வந்தனர். பிறந்த மண்ணின் மீதுள்ள பற்று போற்றத்தக்கதே. எனினும் நாம் குடிக்கும் நீரும், நம் குழந்தைகள் நடக்கும் தெருவும், மழைக் காலத்தில் வீட்டுக்குள் புகும் வெள்ளமும் சென்னையில் அல்லவோ இருக்கின்றன?

ஒருவர் பெயர் ஓரிடத்துப் பட்டியலில் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் நிலமும் வீடும் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சும் முதியோர் நம் இல்லங்களில் உளர். அவ்வச்சம் வேண்டா. வாக்காளர் பட்டியல் சொத்துக்குப் பத்திரம் அன்று. வாடகை வீட்டில் இருப்பதும் தடையன்று. புதிதாகப் பதிவோர் படிவம் 6 ஐயும், இடம் பெயர்ந்தோர் படிவம் 8 ஐயும் நிரப்பினாற் போதும். சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே மாநகராட்சிப் பட்டியலும் அமைகிறது.

திருவிழாவுக்கு ஊர் செல்வோம், உறவைப் பேணுவோம். ஆனால் வாழும் தெருவின் பட்டியலில் நம் பெயரை எழுதி வைப்போம். அடுத்த மேயரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நம் இல்லத்துப் பெரியவரும் இளையவரும் ஒருங்கே வாக்குச் சாவடிக்குச் செல்வார்களாக!