முதலில் விரிசல் விடும் அடுக்கு

ஏனாத்தூர்ப் பக்கம் இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வகத்தில் முதலில் இழுத்துப் பார்ப்பது இரும்புக் கம்பியைத்தான். விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் தகைவு. தாங்கும் அளவைத் தாண்டினால் கம்பி அறும். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறக்கும் தேஜஸ் போர்விமானத்தின் இறக்கைக்கு அந்தக் கணக்கு போதாது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் உடற்கட்டில், எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன் இழை அடுக்குகள்.

இழைகளை ஒரே திசையில் படுக்கவைத்துப் பிசினில் தோய்த்தால் மெல்லிய தாள் ஒன்று கிடைக்கும். இழையின் வாக்கில் அது எஃகோடு போட்டி போடும். குறுக்கே இழுத்தால் பிசினின் பலம்தான். அதனால் ஒரு தாளை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும், சிலவற்றை 45 பாகை சாய்த்தும் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுகவைக்கிறார்கள்.

நெடுக்கும் குறுக்கும் பாதிக்குப் பாதி என்று வைத்து இழுத்துப் பார்ப்போம். ஒட்டியிருப்பதால் எல்லாம் ஒரே அளவு நீளும். ஆனால் நெடுக்கடுக்கின் விறைப்பு சுமார் 140 கிகாபாஸ்கல், குறுக்கடுக்கினுடையது 10. எனவே நெடுக்கடுக்கு 14 மடங்கு தகைவைச் சுமக்கிறது. அதுதான் முதலில் உடையும் என்று தோன்றும். இல்லை! நீளம் அரை சதவீதம் கூடும்போது அதில் 700 மெகாபாஸ்கல். அது 1,500 வரை தாங்கும். குறுக்கடுக்கில் வெறும் 50தான், ஆனால் அதன் எல்லையும் ஏறத்தாழ அவ்வளவே. குறைவாகச் சுமந்ததில்தான் முதல் விரிசல். சராசரி 375 என்று எழுதிவைத்தால் இதில் ஒன்றும் தெரியாது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

ஓரங்களில் வேறு சிக்கல். இழுக்கும்போது ஒவ்வோர் அடுக்கும் பக்கவாட்டில் வெவ்வேறு அளவு சுருங்கப் பார்க்கும், ஒட்டியிருப்பதால் முடியாது. அந்த இழுபறி விளிம்பருகே அடுக்குகளுக்கிடையே தகைவாகக் குவியும் என்பதை 1970-இல் பைப்ஸ், பகானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அடுக்கு பிரிந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். அப்படிப் பிரிக்கக் கைதவறி விழும் ஸ்பேனர் ஒன்றே போதும். இழுவிசையில் அந்தச் சேதம் அவ்வளவாக உறுத்தாது. அமுக்கும்போது பிரிந்த அடுக்கு தனியே புடைத்து மடங்கும். பறக்கையில் மேல்நோக்கி வளையும் இறக்கையின் மேல்தோல் அமுக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அடி பட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், மீயொலி செலுத்திப் பார்த்தே தீரவேண்டும்.