சம்பங்கி மணக்கும் சென்ட்

சாயங்காலம் வெள்ளையாக மலரும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து அடர்சிவப்பு. சுற்றுச்சுவர்களிலும் வாசல் வளைவுகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரங்கூன் மல்லியைப் பூக்கடையில் யாரும் முழம் போட்டு விற்பதில்லை. அந்தப் பூவைத் தென்னிந்தியாவில் கண்டெடுத்ததாகச் சொல்லி, 2017-ல் ஒரு பெண்கள் சென்ட்டை இறக்கியது இத்தாலியின் குஸ்ஸி நிறுவனம். பெயர் ‘ப்ளூம்’.

அப்போது அங்கே வடிவமைப்புத் தலைவராக இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே பழைய காலத்து உடை, நகை, சித்திரங்களில் ஊறியவர். அவர் பொறுப்பில் முழுதாக உருவான முதல் சென்ட் இது. பாட்டிலும் அப்படித்தான்: உள்ளே இருப்பது தெரியாதபடி, பீங்கான் போல வெளிர் ரோஜா நிறம்.

கலவையைச் செய்தவர் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்த ஆல்பர்ட்டோ மொரில்லாஸ். 1990-களில் உலகமெங்கும் விற்ற ‘சிகே ஒன்’, ‘அக்வா டி ஜியோ’ இரண்டிலும் இவர் கை உண்டு. எலுமிச்சையும் கடல் காற்றுமாகக் குளிர்ந்த வாசனைகள் அவை. ப்ளூமில் நேர் எதிர்த்திசைக்குப் போனார். மல்லிகை மொட்டு, நிலச்சம்பங்கி, ரங்கூன் மல்லி. பேச்செல்லாம் பூவைப் பற்றியே.

இந்தப் பாதையை 1948-லேயே போட்டுவைத்தவர் ஜெர்மேன் செல்லியே. ஆண்கள் கோலோச்சிய பிரெஞ்சு வாசனைத் தொழிலில் தலையெடுத்த பெண். ராபர்ட் பிகே நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ‘ஃப்ரகா’வில் சம்பங்கி வெண்ணெய் போலத் திரண்டு நிற்கும். சம்பங்கி சென்ட் எது வந்தாலும் ரசிகர்கள் இன்றும் அதை ஃப்ரகாவோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

ஒரு சம்பங்கியை மூக்கருகே வைத்துப் பாருங்கள். முதலில் வலி தைலத்தின் சாயல் வரும். தைலத்தில் உள்ள அதே மெத்தில் சாலிசிலேட் பூவிலும் உண்டு. பிறகுதான் பால் காய்ந்த இனிப்பு. மல்லிகைக்கு இண்டோல் என்ற வேதிப்பொருள். தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நினைவுக்கு வரும். ஆனால் அதை நீக்கிவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசனையாகிவிடும். செல்லியே பூவின் இந்தக் கனத்தைத் தாராளமாக விட்டார். மொரில்லாஸ் அளந்து விட்டார். அலுவலகத்துக்குப் பூசிப்போகிற அளவுக்கு ப்ளூம் இலகுவானது அதனால்தான்.

மல்லிகையும் சம்பங்கியும் பறித்த பின்னும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பவை. அதனால் பிரான்ஸின் கிராஸ் நகரில் அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, மேலே பூவைப் பரப்பி, தினமும் புதுப் பூ மாற்றி மணத்தை இறக்கினார்கள். இன்று ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்கள் அந்த வேலையைச் செய்கின்றன. தமிழ்நாட்டு மல்லிகையும் சம்பங்கியும் இப்படிச் சாறாகி வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்குப் போகின்றன.

பெரும்பாலான சென்ட்கள் பூசியதும் ஒரு வாசனை, அரை மணி கழித்து வேறொன்று என்று மாறும். ப்ளூம் ஏறக்குறைய ஒரே வாசனையில் நிற்கும். சிலருக்கு அது சலிப்பு. சரம் சூடிப் பழகிய மூக்குக்கு அதுவே இதன் அழகு.

வாங்க நினைப்பவர்கள் கடையில் நீட்டும் காகிதப் பட்டையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். தலையில் பூ இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.