1 டன் சரக்கு, 2 கிலோ துணி: ஜம்போ பை எப்படி இயங்குகிறது?

ஜாங்கிரி பிழிகிற துணியை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான காடாத் துணி, சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தது. நடுவில் ஒரு சின்னத் துளை, அதன் விளிம்பைச் சுற்றிலும் காஜா எடுத்திருப்பார்கள். அரைத்த உளுந்து மாவை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால், மாவு இழையாக எண்ணெயில் இறங்கும். வேலை முடிந்ததும் அலசிக் காயவைத்து மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இதே அமைப்பை ஒரு கன மீட்டர் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினால் ஜம்போ பை. துறைமுகச் சாலைகளில் லாரிமேல் வரிசையாக உட்கார்ந்து போகும் வெள்ளைப் பைகளைப் பார்த்திருப்பீர்கள். உரம், சர்க்கரை, சிமென்ட், தானியம், பிளாஸ்டிக் குருணை என்று பொடியாகவும் மணியாகவும் உள்ள சரக்குகள் உலகம் முழுக்க இவற்றில் பயணம் செய்கின்றன. பையின் எடை 2 முதல் 3 கிலோ. அது சுமப்பது 500 கிலோவிலிருந்து 2 டன் வரை. அதே ஒரு கன மீட்டரை 200 லிட்டர் இரும்பு டிரம்களில் நிரப்பினால் ஐந்து டிரம் வேண்டும். ஒரு வெற்று டிரம்மே ஏறத்தாழ 18 கிலோ என்பதால், சரக்கு ஏறும் முன்பே 90 கிலோ இரும்பைத் தூக்கியாக வேண்டும்.

இவ்வளவு மெல்லிய துணி எப்படி ஒரு டன்னைத் தாங்குகிறது? ஜாங்கிரித் துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு பாகமாகப் பார்க்கலாம்.

முதல் விதி: துணிக்கு இழுவை மட்டுமே தெரியும்

வெற்றுத் துணியை நிறுத்திவைக்க முடியாது, உடனே சரிந்துவிடும். அழுத்தத்தையும் வளைவையும் எதிர்க்கும் விறைப்பு அதற்கு இல்லை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் மட்டும் அபாரமாகத் தாங்கும். மாவு உள்ளே போய் முனைகளைச் சேர்த்துப் பிடித்ததும் அதே துணி உருண்டு, விம்மி, கெட்டியாகிவிடுகிறது. மாவு வெளியே தள்ளுகிறது, துணி அந்தத் தள்ளலை இழுவையாக மாற்றி முனைகளுக்கு அனுப்புகிறது.

மரப்பெட்டியின் பலகை தடிமனாக இருப்பதற்குக் காரணம், சரக்கு தள்ளும்போது அது வளையாமல் நிற்க வேண்டும் என்பதே. வளைவை எதிர்க்கத் தடிமன் வேண்டும், தடிமன் என்றால் எடை. துணி வளைவை எதிர்ப்பதே இல்லை. அதனால்தான் மெல்லியதாக இருக்க முடிகிறது, அதனால்தான் மடிக்கவும் முடிகிறது. ஆகவே துணிக் கொள்கலனை வடிவமைப்பவரின் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இழுவை எந்த வழியாகப் போய் எங்கே சேர வேண்டும்? பையின் மற்ற எல்லா முடிவுகளும் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்கள்தாம்.

துணி: நெய்த நாடா

ஜாங்கிரிக்கு மல்மல் துணி ஒத்துவராது, அழுத்தினால் கிழியும். நெசவு தளர்ந்த துணியில் மாவு கசியும். கெட்டியாக நெய்த காடா வேண்டும். ஜம்போ பைக்கு அந்தக் காடா, பாலிபுரொப்பிலீன். 1954-இல் இத்தாலிய வேதியியலாளர் ஜியூலியோ நட்டா ஒழுங்கான கட்டமைப்புடன் உருவாக்கிக் காட்டிய பிளாஸ்டிக் இது. 1963-இல் அவருக்கும் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லருக்கும் நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது. 1970-களில் எண்ணெய் வளத்தால் கட்டுமானம் பெருகிய மேற்காசிய நாடுகளுக்கு சிமென்ட் அனுப்பப் பெரிய துணிப் பைகள் பயன்பட்டன. இந்தத் தொழில் பரவ அது பெரிய உந்துதலாக இருந்தது.

பாலிபுரொப்பிலீனை உருக்கி மெல்லிய தாளாக இழுத்து, சில மில்லிமீட்டர் அகல நாடாக்களாகக் கீறுகிறார்கள். பிறகு சூடாக்கி, ஐந்தாறு மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறு சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசைக்கு வருகின்றன. நாடாவின் பலம் முழுக்க நீளவாக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்த நாடாக்களைப் பாவாகவும் ஊடையாகவும் தறியில் நெய்தால் இரண்டு திசையிலும் இழுவை தாங்கும் துணி கிடைக்கும். மூலை விட்டத்தில் இழுத்தால் மட்டும் அது கோணும். ஆகவே சுமை செல்லும் திசையும் பாவு ஓடும் திசையும் ஒன்றாக இருக்கும்படிதான் துணியை வெட்டுகிறார்கள்.

துணியின் எடை பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 220 கிராம். ஒரு கன மீட்டர் பைக்கு ஏறக்குறைய 6 சதுர மீட்டர் துணி தேவை. 180 கிராம் துணி என்று வைத்தால் 1,080 கிராம்தான் ஆகிறது. மீதி எடையெல்லாம் தூக்குவதற்கான பட்டை வளையங்கள் (லூப்), தையல், வாய்க்குழாய்.

உப்பல்: சதுரம் வட்டமாகிறது

துணிக்குள் மாவை எந்த வடிவில் வைத்தாலும் அழுத்தியதும் அது உருண்டையாகத்தான் விம்மும். சதுர ஜம்போ பையும் அப்படியே. பக்கத்துக்கு 90 செ.மீ. உள்ள பையின் சுற்றளவு 360 செ.மீ. நிரப்பினால் அதே சுற்றளவு வட்டமாகிறது. விட்டம் சுமார் 115 செ.மீ. கப்பல் கண்டெய்னரின் உள் அகலம் ஏறக்குறைய 235 செ.மீ., ஆகவே இரண்டு பைகள் அருகருகே உட்காரும். பையைத் தைக்கும் அளவு வேறு, அது நிறைந்து நிற்கும் அளவு வேறு. இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாத பை கண்டெய்னருக்குள் நுழையாது.

விம்மும்போது துணியில் எவ்வளவு இழுவை? ஒரு மீட்டர் உயரத்துக்கு அரிசி என்று வைத்துக்கொள்வோம். அடியில் சதுர மீட்டருக்கு 800 கிலோ அழுத்தம். தானிய மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஓரளவு தம்மைத் தாமே தாங்கிக்கொள்வதால் பக்கவாட்டில் அதில் ஒரு பகுதியே தள்ளும். நாற்பது சதவீதம் என்று கொண்டால் 320 கிலோ. அதை வட்டத்தின் ஆரமான 0.57 மீட்டரால் பெருக்கினால் ஒரு மீட்டர் உயரத் துணியில் 182 கிலோ இழுவை, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கும் குறைவு. நல்ல ஜம்போ பைத் துணியில் 5 செ.மீ. அகலப் பட்டையை அறுக்கவே 100 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். சென்டிமீட்டருக்கு 20 கிலோ! ஆக, துணியின் நடுப்பகுதி கவலைப்பட வேண்டிய இடமே இல்லை.

தண்ணீர் என்றால் கணக்கு மாறும். திரவத்துக்கு உராய்வுத் தாங்கல் இல்லை, பக்கவாட்டிலும் முழு அழுத்தம்தான். அதே பையில் இழுவை மும்மடங்காகிவிடும்.

உப்பலால் இடம் வீணாவதும் உண்டு. 115 செ.மீ. சதுரத்துக்குள் 115 செ.மீ. வட்டத்தை வைத்தால் நான்கு மூலைகளும் காலி. இதைத் தடுக்க, பைக்குள் நான்கு மூலைகளிலும் குறுக்காகத் துணித் தடுப்புகளைத் தைக்கிறார்கள். சரக்கு மூலைக்குப் போக அவற்றில் துளைகள் இருக்கும். விம்ம முயலும் பக்கங்களை அந்தத் தடுப்புகள் உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கின்றன. முழுச் சதுரமாகவே நின்றால் அதே தரையில் 27 சதவீதம் கூடுதல் சரக்கு கொள்ளும். இங்கேயும் விறைப்பான பாகம் ஏதும் சேரவில்லை. இழுவைக்கு ஒரு புதிய பாதை போட்டார்கள், அவ்வளவுதான். பை முன்போலவே மடங்கும்.

நான்கு முனை: லூப்

ஜாங்கிரி பிழியும்போது ஒரு முனை கையிலிருந்து நழுவினால் மாவு அந்தப் பக்கமாகப் பிதுங்கும். மீதி மூன்று முனைகளும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளாது. ஜம்போ பையின் நான்கு லூப்களும் அதே நான்கு முனைகள். 1,000 கிலோ என்றால் லூப் ஒன்றுக்கு 250 கிலோ. ஒன்றில் கொக்கி மாட்டாமல் விட்டால் பை சாய்ந்து, சுமை பெரும்பாலும் இரண்டு லூப்களில் போய் விழும்.

இழுக்கும் கோணமும் முக்கியம். லூப் நேராக மேலே போனால் 250 கிலோ. நான்கையும் ஒரே கொக்கியில் திரட்டி, செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வாக இழுத்தால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ. சரக்கு கூடவில்லை, இழுவை இரட்டித்துவிட்டது. தூக்கும் கம்பிகளின் இடைவெளி பையின் அகலத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

தையல்: உண்மையான பரீட்சை

ஜாங்கிரித் துணி ஒரே துண்டு. மாவின் சுமை விழும் இடத்தில் மூட்டு கிடையாது. ஜம்போ பையும் முடிந்தவரை இதையே கடைப்பிடிக்கிறது. ஒரு வகைப் பையில் நீளமான ஒரே துணி ஒரு பக்கமாக இறங்கி, அடிப்பாகமாகி, எதிர்ப்பக்கமாக ஏறும். மற்ற இரண்டு பக்கங்களை மட்டும் அதோடு தைப்பார்கள். அடியிலுள்ள சுமை மேலே ஏறும் வழியில், ஒரே துணியான இரண்டு பக்கங்களிலும் தையலே குறுக்கிடாது. இன்னொரு வகையில் வட்டத் தறியிலேயே குழாயாக நெய்துவிடுவதால் பக்கத் தையல் கிடையாது.

தையல் ஏன் பலவீனம்? ஒவ்வொரு ஊசிக்குத்தும் சில நாடாக்களைச் சேதப்படுத்துகிறது. நெருக்கித் தைத்தால் நூல் கூடும், துணி பலவீனமாகும். அகலத் தைத்தால் துணி பிழைக்கும், ஒவ்வொரு நூல் கண்ணிக்கும் பாரம் கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு அளவைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தை மடித்துத் தைப்பதும், வெட்டும்போதே சூட்டால் விளிம்பை உருக்கிப் பிரியாமல் செய்வதும், லூப்பின் பட்டையைப் பையின் உடலில் கீழ்நோக்கி நீளமாக ஓட்டித் தைப்பதும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: ஒரு புள்ளியில் குவியும் இழுவையை அகலப் பரப்பில் கரைப்பது. லூப் தைக்கும் இடத்தில் பாவு நாடாக்களைக் கூடுதலாக நெய்வதும் உண்டு.

பொடிச் சரக்குக்குத் தையல் துளை கசியும் வழியும்கூட. அதனால் தையலுக்குள்ளேயே பஞ்சு போன்ற கயிறு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். ஈரம் தாங்காத சரக்குக்கு உள்ளே பாலிதீன் லைனர். உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றுக்கு நேர்மாறாகக் காற்றோடும் இடைவெளி விட்டு நெய்த துணி.

துளை: கீழ்வாய்

காஜா இல்லாத துளை பிழியப் பிழியக் கிழிந்து பெரிதாகும். துணியில் துளை போட்டால், அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்த இழுவை துளையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. விளிம்பில் இழுவை குவிகிறது. ஜம்போ பையின் அடிவாய்க்கும் இதே சங்கடம். அங்கே துணிக் குழாய் ஒன்றைத் தைத்து விளிம்பைப் பலப்படுத்துகிறார்கள். குழாயைக் கட்டி, உள்ளே மடித்து, மேலே இதழ்களாக வெட்டிய துணியால் மூடிக் கட்டுகிறார்கள். பயணத்தில் பை தரையில் அமரும்போது சுமை அந்த மூடியின் மேல் விழும், குழாயின் முடிச்சு மேல் விழாது. சேரிடத்தில் கட்டை அவிழ்த்தால் சரக்கு தன் எடையாலேயே இறங்கும்.

உவமை எட்டாத இடங்கள்

சமையலறையில் இல்லாத இரண்டு பகைவர்கள் ஜம்போ பைக்கு உண்டு. ஒன்று வெயில். பாலிபுரொப்பிலீனின் சங்கிலிகளைப் புற ஊதாக் கதிர் அறுக்கும். அதைத் தாங்கும் சேர்மானத்தை நாடா செய்யும்போதே கலக்கிறார்கள். ஆனாலும் அது தள்ளிப்போடும், முழுக்கத் தடுக்காது. மாதக் கணக்கில் வெயிலில் கிடந்த பை பார்வைக்கு முழுதாக இருக்கும், தூக்கும்போது அறுந்துவிடும்.

இரண்டாவது நிலைமின்சாரம். உலர்ந்த பொடி வேகமாக வடியும்போது மின்னேற்றம் சேரும். பொடி எரியக்கூடியதாக இருந்தால் ஒரு பொறி போதும். இதற்காகவே பைகளை ஏ, பி, சி, டி என்று வகுத்திருக்கிறார்கள். ஏ வகையில் இதற்கென எந்தப் பாதுகாப்பும் இல்லை. சி வகையில் மின்கடத்தும் இழைகளைச் சேர்த்து நெய்திருப்பார்கள். அதைக் கட்டாயம் பூமியோடு இணைத்த பிறகே சரக்கை நிரப்பவோ இறக்கவோ வேண்டும்.

எவ்வளவு தாங்கினால் போதும்?

1,000 கிலோ பை 1,000 கிலோவைத் தாங்கினால் போதாது. ஃபோர்க்லிஃப்ட் குலுங்கும், லூப்கள் சமமாக இழுபடா, தையலுக்குத் தையல் வேறுபாடு இருக்கும். அதனால் ஐ.எஸ்.ஓ. 21898 தரம் பெரிய மிச்சம் கேட்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பையை இரு மடங்கு சுமையில் 30 தடவை இழுத்துத் தளர்த்த வேண்டும், அதன் பிறகும் அது 5 மடங்கு தாங்க வேண்டும். பலமுறை பயன்படுத்தும் சாதாரணப் பைக்கு 4 மடங்கில் 70 தடவை, பிறகு 6 மடங்கு. லேபிளில் 5:1, 6:1 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

திரும்பும் பயணத்தில்தான் இவ்வளவு உழைப்பின் பலன் தெரிகிறது. வெற்று டிரம் நிறைந்த டிரம்மின் இடத்தையே அடைக்கும். ஜம்போ பையில் விறைப்பான பாகம் எதுவும் இல்லாததால், ஒரு பை நின்ற இடத்தில் மடித்துக் கட்டிய நூறு பைகளுக்கு மேல் அடங்கும்.

இந்தப் பைகளோடு வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நிரப்பும் முன் துணியைப் பார்ப்பதைவிடத் தையலையும் லூப்பையும் பாருங்கள், லேபிளைப் படியுங்கள். நான்கு லூப்களிலும் கொக்கி மாட்டுங்கள், கூரான விளிம்புள்ள கொக்கி வேண்டாம். 5:1 பையை இரண்டாம் முறை நிரப்பாதீர்கள். ரசாயனம் வந்த பையில் தானியம் போடாதீர்கள். எத்தனை மடங்கு தாங்கும் பையாக இருந்தாலும், தூக்கிய பையின் அடியில் யாரும் நிற்கக் கூடாது, கையைக்கூட நீட்டக் கூடாது.