நாய்க்குட்டிக்கும் ஒளித் துகளுக்கும் ஒரே கணக்கு!

ராஜபாளையத்து நாயைப் பார்த்திருக்கிறீர்களா? பால் போன்ற வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. அந்நியரை எளிதில் அண்டவிடாத சுபாவம். 2005-இல் தபால் தலையிலேயே இடம் பெற்ற நாய் இது! பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்து, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்தால் மலை தெரியும். அங்கே வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் ஒரு சரணாலயமே அமைத்தார்கள்.

ஒன்று வீட்டுப் பிராணி; மற்றது காட்டுப் பிராணி. ஆனால் இரண்டைப் பற்றியும் உள்ள கவலை ஒன்றுதான்: எண்ணிக்கை குறைவு.

“குறைவாக இருந்தால் என்ன? உள்ளவை நன்றாக இருந்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது என்கிறது கணிதம். அந்தக் கணிதத்தின் ஒரு கிளை, குவாண்டம் பௌதிகத்திலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை!

ஒளித் துகள்கள் திடீரெனத் தோன்றும், திடீரென மறையும். 1927-இல் ஆங்கில மேதை டிராக், ‘ஒன்றைத் தோற்றுவி’, ‘ஒன்றை நீக்கு’ என்ற இரண்டு செயல்களைக் கொண்டே அவற்றுக்குக் கணக்கு அமைத்தார். 1976-இல் ஜப்பானியரான மசாவோ தோய், ரசாயன மாற்றங்களுக்கு அதைப் பொருத்தினார். 1985-இல் இத்தாலியரான லூகா பெலிட்டி, பிறப்பு இறப்புக் கணக்குக்கு அதை விரிவுபடுத்தினார். பிறப்பும் இறப்பும் தோற்றமும் மறைவும்தானே!

இதன் அடிப்படை உங்கள் அடுப்படியிலேயே விளங்கிவிடும். கூடையில் பத்து எலுமிச்சம்பழம் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுகிறீர்கள். பத்தில் எதையும் எடுக்கலாம். ஆகவே பத்து வழி. முதலில் ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்தால்? பதினொரு வழி! இரண்டிலும் மிஞ்சுவது பத்துப் பழம்தான். வரிசை மாறினால் வழியில் ஒன்று வித்தியாசம். டிராக்கின் கணக்கிலும் இதே ‘ஒன்று’தான் அஸ்திவாரம். அதற்காக நாய் ஒளியாகிவிடவில்லை, கணக்குத்தான் பொது.

ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் இப்படித் தனித்தனியே எண்ணுவதால் என்ன லாபம்? சராசரிக் கணக்கு மறைத்துவிடும் ஒன்று வெளியே தெரிகிறது: தற்செயலின் பங்கு. நல்ல குணம் ஒன்று உள்ள ஒரே குட்டி மழையில் நனைந்து இறந்துபோனால், அந்தக் குணமும் அதோடு போயிற்று. குணத்தின்மேல் குற்றமில்லை; கூட்டம் சிறியது, அவ்வளவுதான்.

பத்து நாய்களே இணைசேரும் கூட்டத்தில், பரம்பரை வேறுபாட்டில் இருபதில் ஒரு பங்கு தலைமுறைதோறும் சராசரியாகக் கரைகிறது. பதினான்கு தலைமுறையில் ஏறக்குறைய பாதி போய்விடும்! ஐந்நூறு நாய்கள் இருந்தாலோ, தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் நஷ்டம்.

ஆகவே, குட்டி வாங்கப் போகும்போது வெள்ளை நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். தாயும் தகப்பனும் நெருங்கிய உறவா என்றும் கேளுங்கள். மலை அணில் நம்மிடம் கேட்பது இன்னும் எளிது: மரத்துக்கு மரம் தாவிப்போய் வேற்றுக் கூட்டத்தில் துணை தேட, அறுபடாத கிளைகள் வேண்டும். சிறிய கூட்டத்தில் ஒன்று கூடினாலும் லாபம். ஒன்று குறைந்தாலும் பெரிய நஷ்டம்.