லென்ஸ் கையில் இருக்கிறது, பாடி எது?

1950 ஏப்ரலில் ரமணர் உடலை விட்டபோது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். கையில் லைகா கேமரா, அதில் ஒரு 50 மி.மீ. லென்ஸ். லென்ஸைத் திருகி மாட்டும் லைகாவில் தொடங்கிய அவர், 1954இல் வந்த எம்3 மாடலுக்குப் பின்னாளில் மாறினார். கேமரா பாடி மாறியது, வாழ்நாளின் பெரும்பகுதிக்கு 50 மி.மீ. என்ற அளவு மட்டும் மாறவே இல்லை.

ஃபிலிம் பக்கம் திரும்பும் இன்றைய இளைஞர்களில் பலருக்கும் முதலில் கிடைப்பது லென்ஸ்தான். தாத்தாவின் பெட்டியிலிருந்து சோவியத் ஜூபிட்டர்-8 ஒன்று வரும். அல்லது டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டுப் பழகிய பழைய கேனன் 50 இருக்கும். அந்த லென்ஸ் வரைகிற விதம் மனதுக்குப் பிடித்துப்போய், இதை ஃபிலிமில் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும்போதுதான் பாடி தேடும் படலம் தொடங்குகிறது. லைகா எம்3 வாங்கலாம் என்றால், நல்ல நிலையில் உள்ள பழையதே லட்ச ரூபாயைத் தொடுகிறது. அவ்வளவு செலவழித்தால் ஃபிலிம் ரோலுக்குப் பணம் மிஞ்சாது. படத்தின் குணம் லென்ஸிலும் ஃபிலிமிலும் இருக்கிறது. பாடி ஒளி புகாத பெட்டியாக இருந்து, சரியான நேரத்துக்குத் திறந்து மூடி, தூரத்தைச் சரியாகக் காட்டினால் போதும்.

தூரம் காட்டுகிற வேலையில்தான் லைகா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா மற்ற கேமராக்களிலிருந்து வேறுபடுகிறது. எஸ்.எல்.ஆர். போல இதில் கண்ணாடி எகிறி எழுவதில்லை. முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். நம் இரு கண்களைப் போல அவை ஒரே பொருளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. வியூஃபைண்டரின் நடுவே மங்கலான இரட்டை உருவம் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும். படிந்ததும் ஃபோகஸ்.

இதன் அருமை புரிய மண்டகப்பட்டு நல்ல இடம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போகும் வழியில் உள்ள இந்தக் குடைவரையை ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு எழுப்பிய கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர்கள் வெளிச்சத்தில் நிற்பார்கள். உள்ளே கருவறைகளின் பக்கம் இருட்டு. லென்ஸை எஃப் 2 வரை முழுசாகத் திறந்து, ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கினால்தான் உள்ளே ஏதாவது பதியும். கண்ணாடி அதிராததால் ரேஞ்ச்ஃபைண்டரை அந்த வேகத்தில் கையிலேயே பிடிக்க முடியும். கீழும் மேலும் சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு என்று அமைந்த மகேந்திரன் காலத்துத் தூண்களின் செங்குத்தான விளிம்புகள் இந்தக் கேமராவுக்கென்றே செதுக்கியவை போலிருக்கும். விளிம்பின் இரண்டு உருவமும் ஒன்றாகப் படிகிற கணம், மங்கிய வெளிச்சத்திலும் துல்லியமாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே. ரேஞ்ச்ஃபைண்டர் கொஞ்சம் பிசகினாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, எந்த பாடி? முதலில் லென்ஸின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருகு மரை இருந்தால் அது பெரும்பாலும் 39 மி.மீ. லைகா திருகு மவுண்ட். இந்த வகை பாடியில் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. தூரம், பின்னால் வந்த லைகா எம் மவுண்டில் 27.8. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால், மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டுத் திருகு லென்ஸை எம் பாடியிலும் மாட்டலாம். எம் லென்ஸைத் திருகு பாடியில் மாட்ட வழியில்லை. திருகு லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

கையில் இருப்பது ஜூபிட்டர்-8 என்றால், விலை அதிகமான பாடியைத் தேடி அலைய வேண்டாம். இது ஜெர்மனியின் ஸைஸ் சொன்னார் வடிவத்தைப் பின்பற்றிய 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ். ஃபோகஸ் கணக்கில் சோவியத் அளவுக்கும் லைகா அளவுக்கும் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. அதனால் ஜூபிட்டரை ஜப்பானிய பாடியிலோ லைகாவிலோ மாட்டி, முழுசாகத் திறந்து, முகத்துக்குக் கிட்டே போய் எடுத்தால் கண்ணில் வைத்த ஃபோகஸ் தள்ளி விழக்கூடும். அதன் பிறந்த வீடான ஸோர்க்கி-4 அல்லது ஃபெட்-2இல் அந்தத் தொல்லை குறைவு. இரண்டும் சில ஆயிரங்களில் கிடைப்பவை. ஃபெட் கேமராக்கள் 1934 முதல் கார்கிவ் நகரில், கல்வியாளர் மகரென்கோ வழிநடத்திய ஆதரவற்ற சிறுவர்களின் கம்யூனில் உருவாகத் தொடங்கியவை. ஃபெட்-2இன் இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே 67 மி.மீ. இடைவெளி. ஸோர்க்கி-4இல் 38தான். இடைவெளி கூடினால் துல்லியம் கூடும் என்பதால் ஃபெட்-2ஐ முன்னால் வைக்கலாம். ஸோர்க்கி-4 வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஃபிலிமை முன்னே சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முந்தி மாற்றினால் உள்ளே பல்சக்கரம் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

கேனன், லைகா, நிக்கான் போன்ற திருகு லென்ஸ் என்றால் 1959இல் வந்த கேனன் பி நல்ல ஜோடி. அதன் வியூஃபைண்டர் பொருளை உள்ள அளவிலேயே காட்டுவதால் இரண்டு கண்களையும் திறந்தபடி படமெடுக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு 35 மி.மீ. கோடுகள் ஓரத்தில் தப்பிப்போகும் என்பது ஒரு குறை. 85, 135 என்று நீண்ட லென்ஸ் பிரியர்களுக்கு 1961இன் கேனன் 7. லைட் மீட்டர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, 2000இல் கொசினா நிறுவனம் கொண்டுவந்த பெஸ்ஸா ஆர். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும். ஆனால் அதன் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல்களின் இடைவெளி குறுகியது. 35, 50 லென்ஸ்களுக்குப் போதும். அதற்கு மேல் நம்ப முடியாது.

மின்னணுச் சுற்றில் ஓடும் மினோல்டா சிஎல்இ, கோனிகா ஹெக்ஸார் ஆர்எஃப் இரண்டும் அழகான கேமராக்கள்தான். உள்ளே சர்க்யூட் செத்தால் மாற்று உதிரி கிடைப்பது அரிது. நம் ஊர்க் கேமரா மெக்கானிக் திறந்து சரிசெய்யக்கூடியவை பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் உள்ளவையே.

வாங்கும் முன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, ஷட்டர் திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அவசியம். சோவியத் கேமராக்களில் அது ரப்பர் பூசிய துணி. மூடி இல்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் லென்ஸ் சூரியனைக் குவித்து அதில் ஊசித்துளை போட்டுவிடும். கேனன் பியில் எஃகுத் தகடு, சுருங்கும், எரியாது. அடுத்து தொலைவு. செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் நின்று உச்சியில் உள்ள கட்டடத்தைப் பார்த்தால், லென்ஸ் முடிவிலியில் இருக்கும்போது இரண்டு உருவமும் சரியாகப் படிய வேண்டும். பக்கவாட்டில் மட்டுமன்றி மேல்கீழாகவும்.

ஒரு காலத்தில் ஊட்டியின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் ஸ்டூடியோக்களில் ஓடியது. ஆலை மூடப்பட்டபின் எல்லாமே வெளிநாட்டு ரோல். ஒவ்வொரு படத்துக்கும் காசு. ஆகவே முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குவது லாபம். ஒரே தூணை ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் எஃப் 2இல் எடுக்கலாம். வெட்டவெளியில் ஒரே சீரான வானத்தை 1/30 முதல் 1/500 வரை எடுத்து, எந்தப் படம் எந்த வேகம் என்று நோட்டில் குறித்துவைக்க வேண்டும். கழுவி வந்த நெகட்டிவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கரும்புள்ளி விழுந்திருந்தால் திரையில் துளை. 1/500 படத்தில் மட்டும் ஒரு ஓரம் வெளிறியிருந்தால் திரைகள் சமமாக ஓடவில்லை; சர்வீஸ் ஆகும் வரை 1/250க்குக் கீழேயே வேலை பார்த்துக்கொள்ளலாம்.