சிறுநீரில் கிருமி: கோப்பில் என்ன எழுதப்படுகிறது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும் எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குக் காய்ச்சல் இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, அடிவயிற்றில் வலியும் இல்லை. சேர்ந்த அன்று எடுத்த பரிசோதனைகளுள் சிறுநீர்க் கல்ச்சரும் ஒன்று. இரண்டு நாள் கழித்து வந்த அறிக்கையில், ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஈ.கோலை கிருமி வளர்ந்திருப்பதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அருகிலிருக்கும் மகள் கவலையோடு கேட்கிறார்: "அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனா, சிஸ்டர்?"

இத்தகைய கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கிருமி இருப்பது ஒன்று. கிருமியால் நோய் உண்டாவது வேறொன்று. இவ்விரண்டில் எது கோப்பில் எழுதப்படுகிறதோ, அதைப் பொறுத்தே மருந்தும், காப்பீட்டுப் படிவமும், அடுத்த முறை அவரைப் பார்க்கும் மருத்துவரின் கணிப்பும் அமையும்.

இருப்பதும் நோயும்

எந்த அறிகுறியும் இல்லாதவரின் சிறுநீரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிருமி காணப்படுவதை 'அறிகுறியற்ற பாக்டீரியூரியா' என்கிறோம். முதியவர்களிடமும் நீரிழிவு உள்ள பெண்களிடமும் இது சாதாரணமாகக் காணப்படுவதே. சிறுநீர்க் குழாய் பல வாரங்களாகப் பொருத்தப்பட்டிருப்பவர்களுள் ஏறக்குறைய அனைவரிடமும் இது இருக்கும். அறிக்கையில் 'பஸ் செல்ஸ்' எனப்படும் சீழ்ச் செல்கள் மிகுந்திருந்தாலும், அது மட்டுமே நோய்த்தொற்றுக்குச் சான்றாகாது.

நீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி அவசரமாக நீர் பிரிதல், அடிவயிற்று வலி, விலாப்புற வலி, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் போன்றவை சேரும்போதுதான் மருத்துவர் அதைச் சிறுநீர்த் தொற்று என்று கருதுகிறார்.

குறியீடாக மாறும் சொல்

நோயாளி வீடு திரும்பிய பின் அவரது கோப்பு மருத்துவ ஆவணப் பிரிவுக்கு வருகிறது. அங்குள்ள குறியீட்டாளர், மருத்துவர் எழுதிய நோய்ப்பெயர்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலின்படி குறியீடுகளாக மாற்றுகிறார். இடம் குறிப்பிடப்படாத சிறுநீர்த் தொற்றுக்கு என் 39.0 என்பது குறியீடு. சிறுநீரின் நுண்ணுயிர்ப் பரிசோதனையில் காணப்படும் இயல்பு மாறிய முடிவுக்கு ஆர் 82.7 என்பது குறியீடு. முன்னது ஒரு நோயின் பெயர். பின்னது ஒரு பரிசோதனை முடிவு மட்டுமே.

ஆய்வக அறிக்கையைப் பார்த்துக் குறியீட்டாளர் தாமாக நோய்ப்பெயரை முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் எழுதியதையே அவர் குறியிட வேண்டும். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும். ஆகவே, அவசரத்தில் 'யூ.டி.ஐ.' என்று எழுதப்படும் மூன்று எழுத்துகள் அப்படியே நோய்க் குறியீடாகிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும், காப்பீட்டுப் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதியிலும் அதுவே இடம்பெறும். அம்மூதாட்டி அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டால், 'முன்பு சிறுநீர்த் தொற்று இருந்தது' என்னும் வரி அவருக்கு முன்னே வந்து நிற்கும்.

இதனால் என்ன தீங்கு?

தேவையற்ற ஆன்டிபயாட்டிக் வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் உண்டாக்கலாம். கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறினால், பின்னர் உண்மையான தொற்று வரும்போது எளிய மாத்திரைகள் பயன்படாமற் போகலாம். மற்றொரு தீங்கும் உண்டு. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசும்போது, 'சிறுநீர்த் தொற்றுதான்' என்று முடிவு கட்டிவிட்டால், நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து போன்ற உண்மைக் காரணங்கள் கவனிக்கப்படாமல் போகக்கூடும். அறிகுறியற்ற பாக்டீரியூரியாவுக்குப் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது.

இதற்கு முக்கியமான விதிவிலக்குகள் இரண்டு. கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிடினும் சிகிச்சை வேண்டும். இல்லையேல் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வு காயப்படக்கூடிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் மருந்து தேவை. இவர்களின் கோப்பில் அந்தக் காரணமும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

நோயாளியிடம் காணும் அறிகுறிகளை உள்ளது உள்ளபடி கூறுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இல்லையெனில், இல்லை என்பதையும் கூறுங்கள். அதுவும் கோப்பில் பதிய வேண்டிய செய்தியே.

மாதிரி எடுக்கும்போது முதலில் வரும் நீரை விட்டு, இடையில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். தோலிலுள்ள கிருமி கலந்தால் முடிவு பிழையாகும்.

"இது தொற்றா, அல்லது கிருமி இருப்பது மட்டுமா? எந்த அறிகுறிக்காக இந்த மருந்து?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்பதை நாங்கள் வரவேற்கிறோம்.

வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பாருங்கள். உங்களிடம் சொல்லப்படாத நோய்ப்பெயர் அதில் இருந்தால் விளக்கம் கேளுங்கள். திருத்தம் தேவையெனில் மருத்துவர் பழைய பதிவை அழிக்காமல், தேதியும் கையொப்பமும் இட்டுத் திருத்தக் குறிப்பைச் சேர்ப்பார்.

ஆயினும், எழுதித் தரப்பட்ட ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் பேசிய பின்பே முடிவு செய்யுங்கள். வீட்டில் காய்ச்சலோ, குளிர்நடுக்கமோ, விலாப்புற வலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த மகளுக்கு நாங்கள் சொல்லக்கூடிய விடை இதுவே: "அம்மாவின் சிறுநீரில் கிருமி இருக்கிறது, ஆனால் இப்போது அதனால் நோய் இல்லை. கோப்பிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வோம்."