பிள்ளைகளின் கை முறிவும் புத்தூர்க் கட்டும்

எலும்பு முறிந்தது என்றதும் நம்மவர் வீடுகளில் முதலில் எழும் பெயர் புத்தூர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையிலுள்ள இவ்வூர், 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. மூலிகை அரைப்பு, முட்டை வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றைக் கொண்டு கட்டும் இம்முறையை நாம் இகழ வரவில்லை. இடம் விலகாத முறிவு அசையாமல் இருந்தால் கூடிவிடும். அதிலும் பிள்ளைகளின் எலும்பு விரைவில் கூடும். எனினும், சிறுவர்க்கு நேரும் ஒரு முறிவைப் பற்றிப் பெற்றோர் யாவரும் தனியே அறிந்திருத்தல் வேண்டும்.

திண்ணையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழும் பிள்ளை கையை நீட்டி ஊன்றுகிறது. அவ்வதிர்ச்சியில் முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு தட்டையாக மெலிந்துள்ள இடத்தில் முறிகிறது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கே இது மிகுதி. அவ்விடத்தின் முன்புறமாகவே கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாயும் நரம்புகளும் செல்கின்றன. விலகிய எலும்பு முனை அவற்றை நெருக்கலாம்.

வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் மிகும். இரத்த ஓட்டம் குன்றும். சில மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். பின்னர் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் இதனை விளக்கினார். பச்சிலைக் கட்டாயினும் மாவுக்கட்டாயினும், இறுகினால் வரும் கேடு ஒன்றே.

1959இல் கார்ட்லாண்ட் என்னும் மருத்துவர் இம்முறிவை மூவகையாகப் பிரித்தார். விலகாத முதல் வகைக்கு ஏறத்தாழ மூன்று வார மாவுக்கட்டே போதும். நன்கு விலகியதற்கு அறுவை அரங்கில் சிகிச்சை வேண்டும். பெரும்பாலும் தோலைக் கிழிப்பதில்லை. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே எலும்பை நேராக்கி, மெல்லிய கம்பிகளைத் தோலின் வழியே செலுத்தி நிறுத்துவர். மூன்று நான்கு வாரங்களில் கம்பிகளை எடுத்துவிடலாம்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்று சிலர் கூறுவதுண்டு. தோளருகே முறிந்தால் அது பெரிதும் உண்மை. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் நூற்றுக்கு எண்பது பங்கு அம்முனையிலேயே நிகழ்கிறது. முழங்கைப் பக்கம் வளர்ச்சி சிறிதாதலால், அங்கே கோணலாகக் கூடிய எலும்பு பெரும்பாலும் கோணலாகவே நிற்கும்.

ஆகவே, பிள்ளை விழுந்து முழங்கை வீங்கினால் இழுத்தலும் உருவுதலும் கூடா. கிடந்த நிலையிலேயே கையைத் துணியால் தாங்கி, உணவு கொடாமல் மருத்துவமனைக்கு விரைதல் நன்று. வெறும் வயிறு மயக்க மருந்துக்கு உதவும். சித்தூரில் அரசு மருத்துவமனை உண்டு. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், எலும்புச் சிகிச்சைக்கெனத் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனையும் உள்ளன.

கட்டுப் போட்ட பின்னும் தாய்மார்கள் விரல்களைக் கவனித்து வருதல் வேண்டும். வலி குறையாது கூடுதல், விரலை நீட்டினால் பிள்ளை அலறுதல், விரல் வெளுத்துக் குளிர்தல், மரத்துப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் இரவோடு இரவாகக் கட்டை அவிழ்ப்பிக்கச் செல்லுங்கள். எழுதவும் உழைக்கவும் வேண்டிய கை அது.